பேச்சியம்மாள் கொடுத்த கருப்பு நாய்

அபிராமபுரத்தில் சுந்தரராமன் வீட்டு வாசலில் தொடர்ந்து ஒன்பது நாள் கோலம் போட்டது யார் என்று அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அது. சுந்தரராமன் ஒரு பாங்கில் ஆபீசராக இருந்தார். யாரோ செய்த தப்புக்கு அவர் பேரில் மெமோ வந்தது. விசாரணை முடிகிறவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். செய்தி கேட்டு அவர் மனைவி விஜயலக்ஷ்மி மாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான், விளக்கேற்றக்கூட எழுந்திருக்கவில்லை. அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்கிறவள் பேச்சியம்மாள். தெருவில் எல்லா வாசலும் கோலத்தோடு இருக்க, இந்த ஒரு வாசல் வெறிச்சென்று கிடந்தால் பால் வாங்கப் போகிறவர்கள்கூட நின்று என்ன ஏது என்று கேட்பார்களே என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து விடிவதற்கு முன்பே வந்து, தண்ணீர் தெளித்து, மாமி போடுகிற மாதிரியே இரட்டை இழையில் படிக்கோலம் போட்டுக் காவியும் இட்டாள். மாமியின் இழை எப்போதும் கொஞ்சம் வலப்பக்கம் சாயும். அதையும் சாய்த்தே போட்டாள்.

எதிர்வீட்டு அம்மாள் ஒரு நாள் வாயைக் கிண்டிப் பார்த்தாள். "ஏன் பேச்சி, மாமிக்கு உடம்பு முடியலையாமே?"

"யாரு சொன்னது? இப்பதான் கோலம் போட்டுட்டு உள்ள போனாங்கோ" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் நடந்துவிட்டாள்.

பத்தாம் நாள் மாமி எழுந்து வந்தாள். கோலமாவுக் கொட்டாங்கச்சி அது இருந்த இடத்திலேயே இருந்தது. மாமி கேட்கவில்லை, பேச்சியம்மாளும் சொல்லவில்லை.

பேச்சியம்மாளைப் பெற்றவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். அடையாறில் யார் யாருக்கோ வீடு கட்டிக் கொடுத்துவிட்டு ஆற்றங்கரையில் ஓலை வேய்ந்துகொண்டார்கள். பேச்சியம்மாள் அங்கேதான் பிறந்தாள், அங்கேதான் தாலி கட்டிக்கொண்டாள், அங்கேதான் அது போகவும் போயிற்று. ஒரே மகளைத் திருவொற்றியூரில் கட்டிக் கொடுத்த பிறகு குடிசையில் அவளும், செவ்வாய் வெள்ளியில் அவள் ஏற்றுகிற அம்மன் விளக்கும்தான். அப்புறம் குஞ்சம் வந்தது.

குஞ்சம் ஒரு நாய்க்குட்டி. தாய், குப்பத்திலேயே சுற்றிக்கொண்டிருந்த கருப்புப் பெட்டை. அப்பன், ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பங்களாவில் சோபா மேலே படுத்துக்கிடந்த பொமரேனியன் என்று எல்லாரும் சொன்னார்கள். நேரில் பார்த்தவர்கள் இல்லை. வால்தான் சாட்சி. கூந்தலில் வைத்துப் பின்னுகிற குஞ்சம் மாதிரி அடர்த்தியாக, முதுகு மேலே வளைந்து விழும். அதனால்தான் அந்தப் பேரே. ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது பாதியில் மடங்கிவிடும்.

பக்கத்துக் குடிசை அப்துல் வஹீத் ஆட்டோ ஓட்டுகிறவன். அவனுக்கு இதைப் பார்த்தாலே சிரிப்பு.

"இன்னா பேச்சிக்கா, வாலப் பார்த்தா பங்களா, மூஞ்சியப் பார்த்தா நம்ம குப்பம்!"

"காலப் பாரேன் நைனா."

"காலு கார்ப்பரேசன் காலு. வுட்டா நடந்தே மகாபலிபுரம் போவும்."

ஜாதி நாய்க்கு இன்ன குணம், இவ்வளவு உயரம், இன்ன வியாதி வரும் என்று புத்தகத்திலே எழுதியிருக்கிறதாம். குஞ்சத்துக்கு அப்படிப் புத்தகம் கிடையாது. கூட இருந்து ஒவ்வொரு நாளும் ஒன்று ஒன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். பேச்சியம்மாளுக்கு அதிலே ஒரு ருசி இருந்தது. ரசம் சாதமும் தின்னும், கருவாட்டுத் தலையும் தின்னும். மழை வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே பாயைப் பல்லால் இழுத்துக் குடிசையின் ஒழுகாத மூலைக்குக் கொண்டுபோய்விடும். இதை யார் சொல்லிக் கொடுத்தது? பங்களா அப்பனா, குப்பத்து ஆத்தாளா? யோசித்து யோசித்துப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்வாள்.

அவள் வேலைக்குப் போகும்போது அதுவும் பின்னாலேயே வரும். சுந்தரராமன் வீட்டு கேட்டுக்கு வெளியே படுத்துக்கொள்ளும். வா என்று சொல்லாமல் ஒரு நாளும் உள்ளே கால் வைத்ததில்லை.

மெமோ வந்த இரண்டாம் மாதம் மாமி, மயிலாப்பூரில் ஒரு ஜோசியரைப் போய்ப் பார்த்தாள். சுந்தரராமனுக்கு மகர ராசி, ஏழரைச் சனி நடக்கிறது, இன்னும் மூன்று வருஷம் பாக்கி என்றார் அவர். சனிக்கிழமை தோறும் கருப்பு நாய்க்குத் தன் கையாலே தயிர்சாதம் வைக்க வேண்டும், வீட்டிலேயே ஒன்று வளர்த்தால் இன்னும் விசேஷம், ஆனால் உடம்பில் ஒரு வெள்ளை மயிர்கூட இருக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். மாமி தெருத் தெருவாகப் பார்த்தாள். அபிராமபுரத்து நாய்களெல்லாம் செம்பட்டையாக இருந்தன.

"பேச்சி, உன் பின்னாடியே ஒண்ணு வந்துண்டிருக்குமே, அது கருப்புதானே?"

"ஆமா மாமி. குஞ்சம். தோ, கேட்டாண்ட படுத்துக்கினு கீது பாருங்க."

மாமி கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். கழுத்துக்கு அடியிலே ஒரு வில்வ இலை அளவுக்கு வெள்ளை இருந்தது.

"அடடா" என்றாள் மாமி.

பேச்சியம்மாளுக்கு உள்ளூர நிம்மதி. "அப்போ வேணாம் மாமி, வேற பாருங்க" என்றாள்.

"இருடி. கழுத்துக்கு அடியில இருக்கறதை யார் குனிஞ்சு பார்க்கப் போறா? எனக்கு இந்த முகம் பிடிச்சிருக்கு. பார்த்தியோ, ஒரு காதால என்னைக் கேக்கறது, இன்னொரு காதால உன்னைக் கேக்கறது."

நாயைக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் அந்த வாரம்தான் நாய் பிடிக்கிற வண்டி ஆற்றங்கரைக்கு வந்துவிட்டுப் போயிருந்தது. கழுத்தில் பட்டையும் லைசென்ஸ் பில்லையும் இல்லாத நாய்களைச் சுருக்குப் போட்டு இழுத்துக்கொண்டு போனார்கள். குஞ்சத்தின் தாய் அதில் போய்விட்டது. குஞ்சம் பேச்சியம்மாளின் புடவைக்குள் ஒளிந்துகொண்டு அன்றைக்குத் தப்பித்தது.

அதைச் சொன்னபோது மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பில்லை வாங்கிக் கட்டிடறேன். நம்மாத்துப் பிள்ளை மாதிரி வச்சுப்பேன். அது கண்ணை மூடற வரைக்கும் இந்த வாசல்லதான் இருக்கும். கபாலீஸ்வரர் சாட்சி."

கபாலீஸ்வரர் பேரைச் சொன்ன பிறகு பேச்சியம்மாள் குஞ்சத்தை மாமி பக்கம் நகர்த்திவிட்டாள். அந்த வாக்குக்காகத்தான் கொடுத்தாள்.

முதல் ஒரு வாரம் சாயங்காலம் அவள் கிளம்பினால் அதுவும் கிளம்பும். கட்டிப்போட்டுவிட்டுப் பின்பக்கமாக நழுவிப் போவாள். பாலம் தாண்டுகிறவரை அதன் சத்தம் காதில் கேட்டுக்கொண்டேயிருக்கும். பிறகு அது பழகிக்கொண்டது. அவளும் பழகிக்கொள்ளப் பார்த்தாள். காலையில் அவள் தெருமுனை திரும்பும்போதே கேட் கம்பி நடுவே ஒரு மூக்கு தெரியும்.

மாமி அதற்குப் பைரவன் என்று பேர் வைத்தாள். சனிக்கிழமை சனிக்கிழமை சுந்தரராமன் குளித்துவிட்டு வந்து வாழை இலை போட்டு, தயிர்சாதத்தில் எள்ளைத் தூவிப் பிசைந்து வைப்பார். ஆரம்பத்தில் மூக்கைச் சுளித்துக்கொண்டு தூரத்திலிருந்தே தள்ளினார். நாலாம் மாதம் "வாடா பைரவா, சாப்பிட வாடா" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எட்டாம் மாதம் விசாரணை முடிந்து, இவர் மேல் குற்றமில்லை என்று ஆயிற்று. தி. நகர் கிளையில் திரும்ப வேலை. மாமி மோர் விட்ட கையோடு ஓடிவந்து நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததைப் பேச்சியம்மாள் கண்ணால் பார்த்தாள். கொடுத்தது வீண் போகவில்லை என்று மனசு குளிர்ந்தது.

எதிர்வீட்டில் சர்டிபிகேட்டோடு வாங்கின ராஜா என்ற அல்சேஷன் ஒன்று இருந்தது. சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு மின்விசிறிக்கு அடியிலேயே கிடக்கும். மாதம் ஒரு முறை டாக்டர் வருவார்.

"உங்களது என்ன ஜாதி மாமி?" என்று அந்த வீட்டம்மாள் கேட்டாள்.

"ஜாதி என்னடி ஜாதி, மூணு வருஷத்துல ஒரு தும்மல் உண்டா கேளு! நான் பாட்டு கிளாஸ் எடுக்கறச்சே மூச்சு விடாம உக்காந்துண்டு கேக்கறது. தபால்காரரைத் தெரியும், அவர் தம்பியைத் தெரியும். உன்னோட ராஜாவுக்கு உன்னையே அடையாளம் தெரியலையே!"

கொல்லையில் துணி பிழிந்துகொண்டிருந்த பேச்சியம்மாளுக்கு, தன் மகளை யாரோ மெச்சுகிற மாதிரி இருந்தது.

தொண்ணூற்றாறில் சனிப்பெயர்ச்சி வந்தது. வீட்டில் ஹோமம் வைத்து, ஏழரை விலகியது என்று ஊருக்கெல்லாம் பொங்கல் கொடுத்தார்கள். அடுத்த சனிக்கிழமை வாழை இலை போடவில்லை. குஞ்சம் வழக்கமான இடத்தில் வழக்கமான நேரத்துக்கு வந்து உட்கார்ந்து, அடுக்களைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. சுந்தரராமன் அந்தப் பக்கமாக இரண்டு தடவை போனார். கீழே பார்க்கவில்லை. மறந்திருப்பார்கள், வேலை ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டு பேச்சியம்மாள் தனக்கு வைத்திருந்த சாதத்தைப் போட்டாள். இரண்டு சனிக்கிழமை அப்படிப் போயிற்று.

மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருமுனை திரும்பினபோது கேட் கம்பியில் மூக்கு இல்லை.

"ராத்திரியிலேர்ந்து காணலைடி" என்றாள் மாமி. கண் சிவந்திருந்தது. "நேத்து சாயங்காலம் கோயிலுக்குப் போய்ட்டு வந்து காரை உள்ளே விட்டோம். கேட்டைச் சாத்த மறந்துட்டோம் போலிருக்கு. ஓடிப் போயிடுத்து."

"ஓடற நாய் இல்லியே மாமி அது."

"எனக்கு மட்டும் தெரியாதா? என்ன பண்றது சொல்லு."

பேச்சியம்மாள் பாத்திரத்தைப் போட்டது போட்டபடி தெருவில் இறங்கினாள். குஞ்சம், குஞ்சம் என்று ஆழ்வார்பேட்டை வரை போய்த் திரும்பினாள். தெருவுக்குள் வந்ததும் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தால் மாமி மொட்டை மாடியில் நிற்கிறாள். நாலு பக்கமும் திரும்பித் திரும்பி, "பைரவா! டேய் பைரவா!" என்று பாட்டுப் பாடுகிற அந்தக் குரலை உயர்த்திக் கூப்பிடுகிறாள். கடைசியில் குரல் உடைந்துபோய்ப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுதும் வேலை முடிந்தால் பேச்சியம்மாளுக்கு இதுதான் வேலை. லஸ், மந்தைவெளி, நந்தனம் காலேஜ் மைதானம். அப்துல் வஹீத் சவாரி போகிற இடமெல்லாம் பார்த்துவிட்டு வந்து கையை விரித்தான். "பட்ட கட்டிக்கீதுல்லக்கா, வண்டிக்காரன் புடிக்க மாட்டான்" என்று தைரியம் சொன்னான். ஒவ்வொரு நாளும் மாமி, "கெடச்சுதா?" என்று கேட்டாள். இல்லை என்றால் ஒரு டம்ளர் காப்பி கலந்து கையில் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை அன்றைக்கு, "ஆஞ்சநேயரை வேண்டிக்கோடி. அவர் மனசு வச்சா எதுவும் கெடைக்கும்" என்றாள்.

மாமி, பக்கத்திலிருக்கிற லஸ் ஆஞ்சநேயரைச் சொல்லியிருப்பாள். ஆனால் அந்த வீட்டில் ஒரு வருஷமாக ஆஞ்சநேயர் என்றால் நங்கநல்லூர் ஆஞ்சநேயர்தான். புதிதாகக் கும்பாபிஷேகம் ஆன அந்தப் பெரிய ஆஞ்சநேயரைச் சனிக்கிழமை தவறாமல் காரில் போய்ச் சேவித்துவிட்டு வருவார்கள். அவ்வளவு பெரிய சாமியிடம் கேட்டால் தூரத்தில் இருப்பதும் அவர் கண்ணில் படும் என்று பேச்சியம்மாளுக்குத் தோன்றியது. மறுநாள் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு, மாமியிடம் விவரம் சொல்லாமல், இரண்டு பஸ் மாறி நங்கநல்லூர் போய்ச் சேர்ந்தாள்.

கோயில் வாசலில் கபாலி என்று ஒருவன் செருப்புக்குக் காவல் இருந்தான். அவனிடம் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தாள். துளசி மாலைக் கடைக்குப் பக்கத்தில் தூசியில் ஒரு கருப்பு நாய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது. வால் மயிரெல்லாம் சேறு. ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடங்கி.

"குஞ்சம்?"

அது துள்ளவில்லை, குரைக்கவில்லை. மெதுவாக எழுந்து வந்து அவள் பாதத்தை மோந்தது. பிறகு அந்தப் பாதத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

"உன்னுதாம்மா இது?" என்றான் கபாலி. "ஒரு வாரமா இங்கதான் கீது. இன்னா போட்டாலும் துன்ன மாட்டேங்குது."

"இவ்ளோ தூரம் எப்டி நைனா வந்துச்சு? ஓடியாந்துச்சா?"

"எங்க ஓடியாந்துச்சு! போன சனிக்கெழம வெள்ள மாருதில இட்டாந்தாங்கோ. ஒரு மாமா, ஒரு மாமி. எல போட்டுத் தயிர்சாதம் வெச்சாங்கோ. இது துன்னுக்கினு இருக்க சொல்லோ டபால்னு வண்டிய எடுத்துட்டாங்கோ. அந்தத் தெரு முனை வரிக்கும் ஓடிச்சு, பாவம். இப்ப வெள்ளக் காரு எது வந்தாலும் எய்ந்து ஓடுது."

பேச்சியம்மாள் நாயின் கழுத்தைத் தடவினாள். பட்டை இல்லை. பில்லை இல்லை.

"கழுத்துல பட்ட இருந்துச்சே?"

"அந்தம்மாதான் கயட்டிச்சு. கயட்டிட்டுக் கோயிலப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கிச்சு."

அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. மொட்டை மாடிதான் கண் முன்னால் வந்தது. நாலு திக்கும் திரும்பித் திரும்பிக் கூப்பிட்ட அந்தக் குரல். கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த வாய் அல்லவா அது! வராது என்று தெரிந்தே கூப்பிட்டது அல்லவா! அந்த வாரம் முழுதும் கையில் கொடுத்த காப்பி இப்போதுதான் கசந்தது. குஞ்சத்தின் பக்கத்திலேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

நாயை விட்டுவிட்டு உள்ளே போக மனசில்லை. வாசலிலிருந்தே கையைக் கூப்பினாள். 'சாமி, கேக்க வந்தேன். கேக்கறதுக்கு முன்னாலயே குடுத்துட்டே. கூடவே இதையும் ஏன் காட்டினே?' என்று மட்டும் கேட்டாள். பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள். ஆலந்தூர், கத்திப்பாரா, கிண்டி, சைதாப்பேட்டை என்று அத்தனை தூரமும் இரண்டு பேரும் நடந்தே வந்தார்கள். வெள்ளைக் கார் போகும் போதெல்லாம் குஞ்சம் நின்றது. அவள் காத்திருந்து, வா என்று சொல்லி அழைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் வழக்கம் போல வேலைக்குப் போனாள். குஞ்சம் கூட வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. முந்தின நாள் பாத்திரம் மொத்தத்தையும் தேய்த்துக் கவிழ்த்தாள். தொட்டியைக் கழுவினாள். பாதியில் விட்டுப் போவது அவள் சுபாவத்தில் இல்லை. பிறகு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"மாமி, குஞ்சம் கெடச்சிடுச்சு."

டிகாக்ஷன் ஊற்றின கை நின்றது. "எங்கேடி?"

"நங்கநல்லூர்ல. நீங்கதானே சொன்னீங்கோ, ஆஞ்சநேயர வேண்டிக்கோன்னு."

கூடத்தில் பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. சுந்தரராமன் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

மாமி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "ஜோஸ்யர் சொன்னார் பேச்சி. சனிக்காக வச்சுண்டதைப் பெயர்ச்சிக்கு அப்புறம் ஆத்துல வச்சுக்கப்படாதாம். திரும்பப் பிடிச்சுக்குமாம். கோயில் வாசல்ல விட்டா பாவமில்லைன்னார். நான் என்ன பண்ணட்டும், மாமாவோட உசுரு... அதோட அது சுத்தக் கருப்புகூட இல்லையே. கலப்பு. நீயாவது அப்பவே கண்டிஷனாச் சொல்லியிருக்கலாம்."

அப்பவே சொன்னதைப் பேச்சியம்மாள் நினைவுபடுத்தவில்லை. "பட்டைய ஏன் மாமி கயட்டினீங்கோ?" என்று கேட்டாள்.

"அதுல நம்மாத்து விலாசம் இருந்துதோல்லியோ" என்றாள் மாமி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

"என்னாண்ட குடுத்திருந்தா நான் இட்டுக்கினு போயிருப்பேனே மாமி. எனக்கு ஏழரையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

"உன் மூஞ்சியைப் பார்த்து எப்படிடி சொல்றது? அவ்வளவு பெரிய வாக்கைக் கொடுத்துட்டு..." மாமி தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி, உனக்குத்தான் திரும்பக் கெடச்சுடுத்தே. இதோட விடு. இந்தா, காப்பி சாப்பிடு."

பேச்சியம்மாள் டம்ளரைத் தொடவில்லை. கொல்லைக் கதவுச் சாவியை முந்தானையிலிருந்து அவிழ்த்துத் தொட்டி விளிம்பில் வைத்தாள். "வேற ஆளப் பார்த்துக்கோங்க மாமி" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மாமி கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடி வந்தாள். வெளியே நின்ற நாய் மாமியைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. அதைப் பார்க்க மாட்டாமல் மாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

அதற்கப்புறம் அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. சில வருஷத்தில் ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்து ஊருக்கு வெளியே வீடு கொடுத்தார்கள். பேச்சியம்மாள் மூட்டை முடிச்சோடு அப்துல் வஹீத் ஆட்டோவில் போனபோது குஞ்சம் அவள் மடியில் இருந்தது.

சாவியை வைத்துவிட்டு வந்த அன்றைக்குக் கேட் கம்பியைப் பிடித்தபடி மாமி ஒன்றுதான் கேட்டாள். "வயிறெரிஞ்சு சாபம் கொடுத்துட்டுப் போயிடாதேடி பேச்சி."

பேச்சியம்மாள் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"சாபம்லாம் எனக்கு வராது மாமி. அன்னிக்கி மாடில நின்னு கூப்ட சொல்லோ உங்க கொரலு ஒடஞ்சிது பாருங்க, ஐயோ, நம்மள விட மாமிக்கில்ல துக்கம்னு நெனச்சேன். அன்னிக்கே முண்டகக்கண்ணி அம்மனாண்ட போயி மொதல்ல உங்களுக்கோசரம்தான் வேண்டிக்கினேன். குஞ்சத்துக்கு அப்பாலதான்."